கொக்கியில் தொங்காத பேட்ஜ்

"பேட்ஜுக்குப் பொய் சொல்லத் தெரியாது மேடம்" என்றார் சீனிவாசராகவன்.

"வாஸ்தவம் சார்" என்றாள் சங்கமித்ரா. "ஆனா எங்கெல்லாம் போயிட்டு வந்தேன்னு சொல்லவும் அதுக்குத் தெரியாதே."

பெங்களூர் பீன்யாவில் அந்தக் கம்பெனியின் மாடி அறை அது. பெரிய பெரிய இரும்புக் குழாய்களைக் கதிர்வீச்சால் படமெடுத்து, வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது கீழே பட்டறையில் நடக்கிற வேலை. சீனிவாசராகவன் அங்கே பாதுகாப்பு அதிகாரி. மல்லேஸ்வரத்துக்காரர். எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் கையிலிருக்கும் பேனாவைப் பார்த்துப் பேசுகிற ரகம்.

பேனாவிடம் அவர் சொன்ன கதை இவ்வளவுதான். கதிர்வீச்சு வேலையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் சட்டையில் மாட்டிக்கொள்ள ஒரு பேட்ஜ் உண்டு. அவர்கள் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது சேர்த்து வைத்துக்கொள்ளும். காலாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி அளந்து வாங்குவார்கள். இந்த முறை எல்லோருடையதும் சுத்தமாகத் திரும்பி வந்தது. உதயா என்ற பெண்ணுடையது மட்டும் கூடாத அளவைக் காட்டியது. உதயா கர்ப்பிணி. அது தெரிந்த நாள் முதலே அவளை இயந்திரத்தின் பக்கம் விடாமல் ஆபீஸ் மேசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"மேசைல உக்காந்திருந்தவளுக்கு எங்கேருந்து வரும், சொல்லுங்கோ" என்றார் சீனிவாசராகவன். "மேசைக்கு மாத்தினது அவளுக்குப் பிடிக்கலை. பேட்ஜை எடுத்துண்டு போய் மெஷின் முன்னாடி வெச்சிருக்கா. கம்பெனியை மிரட்டறதுக்கு. அதான் வீட்டுக்கு அனுப்பிட்டோம்."

"மிரட்டணும்னா இவ்ளோ கஷ்டம் எதுக்கு சார்?" என்றது சன்னலோரத்துக் குரல். "உங்க கேன்டீன் காபிய லேபுக்கு அனுப்பியிருந்தா கம்பெனியவே மூடியிருப்பாங்களே."

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் க்ளென். சங்கமித்ராவின் உதவியாளன். மர்பி டவுனில் ஒரு தையற்கடையின் மாடியில் இருக்கும் அவளுடைய துப்பறியும் நிறுவனத்தில் இருப்பதே இரண்டு பேர். அதில் பேசுகிற வேலை முழுவதும் இவனுடையது.

சீனிவாசராகவன் சிரிக்கவில்லை. சங்கமித்ராவும் சிரிக்கவில்லை. தீபாவளி சமயத்தில் அவளுடைய தம்பி செத்துப்போனான், பைக் விபத்து. அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் தோன்றுவதில்லை. அழுகை வரவில்லை, சிரிப்பு வரவில்லை, சாப்பாட்டில் உப்பு குறைந்தால் தெரியவில்லை. வேலை மட்டும் பழக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. அவளைச் சிரிக்க வைத்தே தீருவது என்று க்ளெனும் தினமும் பார்க்கிறான். பாவம், இதுவரை ஒன்றும் நடக்கவில்லை.

"மெஷின் ரூம ஒரு ஆளே தனியா திறக்க முடியுமா சார்?" என்று கேட்டாள்.

"முடியாது. ரெண்டு பேர் சாவி போடணும். ஓட விட்டா சைரன் அடிக்கும். பீன்யாவுக்கே கேக்கும்."

"உதயா திறந்ததை யாராவது பாத்தாங்களா? சைரனாவது கேட்டுச்சா?"

பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். "இல்லை" என்றார்.

படி இறங்கும் இடத்தில் சுவரில் ஒரு பலகை. வேலை முடிந்து போகும்போது பேட்ஜை மாட்டிவிட்டுப் போவதற்கு வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். உதயாவின் கொக்கியில் யாரோ ஹெல்மெட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். க்ளென் அதை எடுத்தான். அதற்குக் கீழே ஒரு மடக்குக் குடை. குடையையும் எடுத்தான்.

"அக்கா, இத பாரு."

ஆயுத பூஜைக்கு எல்லாக் கொக்கிகளுக்கும் சேர்த்து ஒரே சரமாகச் சாமந்திப் பூ சுற்றியிருந்திருக்கிறார்கள். பூ காய்ந்து சருகாகியிருந்தது. தினமும் பேட்ஜை எடுத்து மாட்டியதில் மற்ற கொக்கிகளில் நார் அறுந்து தொங்கியது. உதயாவின் கொக்கியிலும், பக்கத்தில் சோனியா என்று எழுதியிருந்த கொக்கியிலும் மட்டும் கட்டிய கட்டு அப்படியே இருந்தது.

"ஆயுத பூஜைலேருந்து உதயாவோட பேட்ஜ் இங்க தொங்கவே இல்ல" என்றாள் சங்கமித்ரா.

"அதைத்தானே நானும் சொல்றேன்? எடுத்துண்டு போயிருக்கா" என்றார் பின்னால் வந்த சீனிவாசராகவன்.

"ஆமா சார். கூடவே எடுத்துட்டுப் போயிருக்கா. சைரனும் அடிக்கல. அப்போ கதிர் பட்டது இங்க இல்ல, வெளியில."

"வெளியில எங்கே மேடம் கதிர்வீச்சு? அது என்ன பானி பூரியா, தெருத்தெருவா விக்கறதுக்கு?"

"சார் எனக்குப் போட்டியா வர்றாரு" என்றான் க்ளென்.

கிளம்பும்போது சங்கமித்ரா அவரிடம் சட்டைப் பையில் வைக்கும் சிறிய கதிர்வீச்சு அளவி ஒன்றை ஒருநாள் இரவல் கேட்டாள். கதிர் இருந்தால் 'பீப்' என்று கத்தும். சீனிவாசராகவன் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார். ஆனாலும் கொடுத்தார். சைரன் அடிக்காத விஷயம் அவரை உறுத்தத் தொடங்கியிருந்தது.

கம்பெனி வாசலுக்கு எதிரே ஒரு தர்ஷினி ஓட்டல். அங்கே எல்லோரும் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். க்ளென் கல்லாவில் கன்னடத்தில் கெஞ்சி ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு உதயாவை உட்கார வைத்தான். அவளுடைய கணவன் ராகேஷ் பக்கத்தில் நின்றான். சங்கமித்ராவிடம் கேஸைக் கொண்டுவந்தவன் அவன்தான். உதயாவுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். காபியை வாங்கிக் கையில் வைத்திருந்தாள். ஆடை படிந்துவிட்டது, குடிக்கவில்லை.

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி" என்றான் ராகேஷ். "கலைச்சிடலாம்னு வீட்டுல முடிவு பண்ணிட்டாங்க."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"டாக்டரம்மா வேணாம்னுதான் சொல்றாங்க. இந்த அளவுக்கெல்லாம் கலைக்கத் தேவையே இல்லன்னு. கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் குடுப்பீங்களான்னு கேட்டேன். யாருக்குமே அப்படி எழுதித் தர முடியாதுப்பான்னாங்க. அப்புறம் எத நம்புறது? எங்கம்மா ராத்திரியெல்லாம் அழுதுக்கினே இருக்காங்க."

"நீ என்னம்மா சொல்றே?" என்று உதயாவைக் கேட்டாள் சங்கமித்ரா.

"போலாம்" என்றாள் உதயா.

மார்க்கெட்டுக்குப் போகலாமா என்று கேட்டாலும் அதே குரலில்தான் சொல்லியிருப்பாள். சங்கமித்ராவுக்கு அந்தக் குரல் தெரியும். மூன்று மாதமாகத் தன் வாயிலிருந்து தினமும் கேட்கிற குரல்தான்.

"பேட்ஜ எங்க வச்சிருந்தே?"

"பையில. மேசை வேலைதானே, எதுக்கு மாட்டறதுன்னு ஐடி கார்டோட சேத்துப் பைக்குள்ள போட்டு வச்சுட்டேன். தப்புதான்."

"அந்தப் பை உன்ன விட்டுப் போன எடம்?"

"எங்கயும் போகல. வீட்டுல கதவு ஆணில தொங்கும். இங்க மேசை டிராயர்ல இருக்கும்."

க்ளென் மேசையைத் தட்டினான். "மெட்ரோ. ஸ்டேஷன்ல பைய ஒரு மெஷின்ல விட்டு எடுக்கறாங்க பாரு, அது எக்ஸ்ரேதானே? தினமும் ரெண்டு தடவ. கேஸ் முடிஞ்சுது. அக்கா, எனக்கு ஒரு மசால் தோசை சொல்லு."

"சோனியாவும் பேட்ஜ பையிலதான் வச்சிருக்கா" என்றாள் உதயா. "ஸ்ரீராமபுரத்துலேருந்து தினம் மெட்ரோலதான் வர்றா. அவளுது சுத்தமா வந்துச்சு."

"தோசைய கேன்சல் பண்ணு" என்றான் க்ளென்.

சங்கமித்ரா அந்த இரண்டு கொக்கிகளை நினைத்துப் பார்த்தாள். இரண்டு பெண்கள், இரண்டு பேட்ஜ்கள், இரண்டும் பையில். வேலை ஒன்று, மெட்ரோ ஒன்று. ஒன்றே ஒன்றுதான் வேறு. உதயா மெட்ரோ ஏறுவதற்கு முன்னால் கோலார் தங்கவயலிலிருந்து மெஜஸ்டிக் ஸ்டேஷன் வரை பாசஞ்சர் ரயிலில் வருகிறாள். விடியற்காலையில் வந்து சாயங்காலம் அதே ரயிலில் திரும்புகிறாள்.

"டிரெயின்ல எப்படி வருவே, சொல்லு."

"நின்னுக்கினுதான்."

"மாசமா இருக்கிற பொண்ணு நின்னுக்கிட்டா? கே.ஜி.எஃப். வண்டிலயா?"

சங்கமித்ராவின் குடும்பத்தில் பாதிப்பேர் அந்த வண்டியில் வந்துபோனவர்கள்தான். அந்தப் பெட்டிகளில் வருஷக்கணக்காக ஒரே கூட்டம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வரும். பூ கட்டுவார்கள், சீட்டாடுவார்கள், ஒரே டப்பாவில் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். கர்ப்பிணி ஏறினால் யாரும் கேட்காமலே இடம் கிடைக்கும்.

"எங்க செட்டுல தனக்கோடியக்காதான் பெரியவங்க" என்றாள் உதயா. "மல்லேஸ்வரத்துல டியூஷன் சென்டர் பெருக்கறாங்க. வண்டி கிளம்பற மாரிக்குப்பத்துலயே ஏறி சன்னல் சீட்டு பிடிச்சுடுவாங்க. நான் உரிகத்துல ஏறுவேன். மொதல்ல எனக்கு அவங்க பக்கத்துலதான் எடம் வைப்பாங்க. தீபாவளிக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியல. பக்கத்துல எல்லார் பையையும் அடுக்கி வச்சுக்கினாங்க. ஒருநாள் உக்காரப் போனேன். இங்க வேணாம், அந்தாண்ட போய் நில்லுன்னுட்டாங்க. எல்லார் முன்னாடியும்."

"மத்தவங்க கேக்கலையா?"

"சண்டையே வந்துச்சு. பைக்கு சீட்டு, புள்ளத்தாச்சிக்கு இல்லையான்னு கேட்டாங்க. வாயே தொறக்கல அவங்க. யாரோடயும் சேந்து சாப்பிடறதையும் விட்டுட்டாங்க. தனி தட்டு, தனி டம்ளர் எடுத்துக்கினு வந்தாங்க. அப்புறம் யாரும் அவங்ககிட்ட பேசறதில்ல. பைய மட்டும் குடுப்போம். நான் கதவுகிட்ட நின்னுக்கினே வருவேன்."

இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்தது மாதிரி சொன்னாள். ராகேஷுக்குக்கூட இது புதுச்செய்தி போலிருக்கிறது. "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றான். அவள் காபி டம்ளரை மேசையில் வைத்தாள்.

"தனி டம்ளரா?" என்றாள் சங்கமித்ரா.

தனி டம்ளர் என்றால் என்ன என்று மர்பி டவுனிலும் கோலார் வயலிலும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வட ஆற்காட்டு ஊர்களில் டீக்கடை வாசலில் தனி டம்ளரில் குடிக்க மாட்டோம் என்று கிளம்பிவந்து சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அவர்கள். அந்த ஜனத்தில் ஒருத்தி தனக்குத் தானே தனி டம்ளர் வைத்துக்கொண்டாள் என்றால் அது திமிர் இல்லை. திமிர் பிடித்தவள் எதை வேண்டுமானாலும் செய்வாள், அதை மட்டும் செய்ய மாட்டாள்.

"சாயங்கால வண்டிக்கு மெஜஸ்டிக் போறோம்" என்றாள் சங்கமித்ரா. "நீங்க ரெண்டு பேரும் வாங்க. பிளாட்பாரத்துலயே இருங்க, பெட்டிகிட்ட வர வேணாம்."

"எனக்குப் புரிஞ்சுபோச்சுக்கா" என்றான் க்ளென், வெளியே வந்ததும், குரலைத் தாழ்த்தி. "எங்கயோ திருடின சரக்கு. கதிர்வீச்சு சரக்கு. பைங்களுக்கு நடுவுல ஒளிச்சுக் கொண்டு வர்றா. பக்கத்துல யாரும் உக்காந்தா தெரிஞ்சிடும்னு விரட்டறா. தனக்கோடின்னு பேரு வேற. கோடிக்கு அதிபதி."

"மல்லேஸ்வரத்துல டியூஷன் சென்டர் பெருக்குற அம்மாடா அவங்க. உதயா சொன்னாளே."

"எல்லாக் கடத்தல் தலைவரும் பகல்ல அப்படித்தான் இருப்பாங்க."

மெஜஸ்டிக்கில் வெயில் இறங்குகிற நேரம். வண்டி வந்து நின்று, ஜனம் ஏறிக்கொண்டிருந்தது. கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. சன்னல் வழியாகக் கைக்குட்டையும் டிபன் பையும் போட்டு இடம் பிடிக்கிற வேலை மும்முரமாக நடந்தது. பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு பெஞ்சில் உதயா உட்கார்ந்தாள். ராகேஷ் தண்ணீர் வாங்கப் போனான்.

தனக்கோடியைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நெரிசலான பெட்டியில் சன்னலோரம் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, அவள் பக்கத்தில் ஆள் இல்லாமல் பைகள் மட்டும். சுற்றி இருந்த பெண்கள் அவளை விட்டுவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். சன்னல் கட்டையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது.

க்ளென் முதலில் போனான். மேலே சாமான் வைக்கிற மாதிரி கையைத் தூக்கி, சட்டைப் பையில் இருந்த அளவியைத் தனக்கோடியின் தலைக்கு நேரே கொண்டுபோனான். பைகளுக்கு மேல் குனிந்தான். செருப்பைத் தேடுவதுபோல் பெஞ்சுக்குக் கீழேயும் பார்த்தான். அளவி கப்சிப்.

முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தான். "ஒரு சத்தம் இல்லக்கா. கார்டு விசில்கூட அடிக்கல. நம்ம துப்பு இங்கேயே மண்டையப் போட்டுடுச்சு."

"உள்ள பேட்டரி இருக்கான்னு பாத்தியா?"

"பீன்யாவுலயே பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

சங்கமித்ராவுக்கு ஏமாற்றமாகக்கூட இல்லை. மிஷின் பேசாவிட்டால் மனுஷியைப் பேச வைக்க வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. புடவை முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றிச் செருகிக்கொண்டாள். ஒரு கையை முதுகில் ஊன்றியபடி பெட்டிக்குள் ஏறி, நேராகத் தனக்கோடியின் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, நான் மாசமா இருக்கேன். நிக்க முடியல. இந்தப் பைய கொஞ்சம் தள்ளினா உக்காந்துக்குவேன்."

சுற்றியிருந்த பேச்சு நின்றது. பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

தனக்கோடியின் முகம் வெளுத்தது. "இங்க வேணாம்மா" என்றாள். "அந்தாண்ட போ. அங்க யாராவது எடம் குடுப்பாங்க. இங்க நிக்காத."

"பாத்தீங்களா, இன்னும் திருந்தல" என்றாள் எதிர் பெஞ்சில் ஒருத்தி. "வாம்மா, நீ இங்க உக்காரு."

சங்கமித்ரா நகரவில்லை. ஏனென்றால் அப்போதுதான் அது நடந்தது. விரட்டிய வாய் மூடுவதற்குள் தனக்கோடியின் இரண்டு கையும் தானாக நீண்டன.

"பைய குடு" என்றாள். "நான் வச்சுக்கறேன். வெயிட்டோட நிக்காத."

உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது அந்த வண்டியில் எழுதாத சட்டம். பிடிக்காதவர் பையாக இருந்தாலும் வாங்க வேண்டும். பேச்சு வார்த்தை இல்லாதவர்கூடப் பையைக் கொடுக்கலாம். சங்கமித்ரா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். *பைய மட்டும் குடுப்போம்.* மத்தியானம் உதயா சொன்னபோது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. தனி டம்ளரும் டாக்டர் சொன்னதாக இருந்தால் கணக்கு சரியாக வரும்.

அவள் குனிந்து, தனக்கோடிக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "நான் மாசமா இல்லம்மா. பொய் சொன்னேன், மன்னிச்சுக்குங்க. தீபாவளி டைம்ல உங்களுக்கு ஆஸ்பத்திரில என்ன மருந்து குடுத்தாங்க?"

தனக்கோடி கையை இழுத்துக்கொண்டாள். சன்னல் பக்கம் திரும்பினாள்.

"நீ யாரு?" என்றாள் பிறகு.

"உதயாவுக்காக வந்திருக்கேன். அவ ஏன் வேலைக்கு வர்றதில்லன்னு தெரியுமா?"

"எங்கிட்ட யாரு சொல்றாங்க?"

சங்கமித்ரா சொன்னாள். பேட்ஜ், கம்பெனி கட்டிய கதை, நாளைக் காலை ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி எதற்கு என்பதையும் மறைக்காமல் சொன்னாள். தனக்கோடி கேட்டுக்கொண்டே இருந்தவள், கடைசியில் டம்ளரை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

பேச ஆரம்பித்தபோது குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினாள்.

"எனக்குத் தைராய்டு. கழுத்துல வீக்கம், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். ஆஸ்பத்திரில ஒரு மாத்திரை குடுத்தாங்க. கதிர்வீச்சு மாத்திரை. அது உள்ள போனா கொஞ்ச நாளைக்கு நம்ம உடம்புலேருந்து கதிர் வருமாம். எத்தன நாள்னு எனக்குச் சரியா புரியல. புள்ளத்தாச்சிங்க, கொழந்தைங்க பக்கத்துல போகாதே, தட்டு டம்ளர் தனியா வச்சுக்க, கூட்டத்துல போகாதேன்னாங்க. கூட்டத்துல போகாம நான் எப்படி வேலைக்கு வர்றது? லீவு கேட்டா வேற ஆளு போட்டுடுவேன்றாங்க. வந்தேன். வந்தாலும் யாரையும் பக்கத்துல விடக்கூடாதுன்னு பைய அடுக்கினேன். எழுந்து எடம் குடுத்திருக்கலாம். ஆனா நான் உக்காந்த சீட்டுலயும் அது இருக்குமோன்னு பயம். அதான் அந்தப் பொண்ண தூர நிக்கச் சொன்னேன்."

"இத எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் எதிர் பெஞ்சுக்காரி. முன்பிருந்த சூடு குரலில் இல்லை.

"சொல்லியிருந்தா நீங்களே எனக்குத் தனி டம்ளர் வச்சிருப்பீங்க" என்றாள் தனக்கோடி. "நானா எடுத்துக்கிட்ட டம்ளர் வேற. நீங்க எடுத்து வைக்கிற டம்ளர் வேற. அத என்னால குடிக்க முடியாது."

ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். க்ளென் வாயைத் திறந்தான். சொல்ல எதுவும் கிடைக்காமல் மூடிக்கொண்டான். அவனுக்கு இது அபூர்வம்.

"இப்போ கதிர் எதுவும் இல்ல உங்ககிட்ட" என்றாள் சங்கமித்ரா. "அது எப்பவோ போயிடுச்சு. அதான் இவன் கொண்டுவந்த மிஷின் கத்தல. பக்கத்துல இருந்தவங்களுக்கும் பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. நீங்கதான் யாரையும் ஒட்டி உக்கார விடலையே."

"அப்போ அந்தப் பொண்ணு பேட்ஜுல எப்படி வந்துச்சு? அவ கதவுகிட்டதான நின்னா. நான் பாத்துக்கினே இருந்தேனே."

"பேட்ஜ் அவமேல இல்லம்மா. பைக்குள்ள இருந்துச்சு. பை தினமும் போக வர எங்க இருந்துச்சு?"

தனக்கோடி தன் மடியைப் பார்த்தாள்.

"ஆளதான் தள்ளி வைக்கச் சொன்னாங்க" என்றாள். "பையப் பத்தி யாரும் சொல்லல. பைக்கு என்ன ஆகப்போகுதுன்னு வாங்கி வச்சுக்கினேன். அந்தப் பொண்ணு பைய எப்பவும் மடியிலயே வச்சுப்பேன். எடம் தர முடியல, பையையாவது பத்திரமா வச்சுக்கலாமேன்னு."

"அதனாலதான் கதிர் பேட்ஜோட நின்னுபோச்சு. அவ பக்கத்துல உக்காந்திருந்தா அது வேற கதை. நீங்க விரட்டினதாலதான் அவளுக்கு ஒண்ணும் ஆகல. இதை அவ டாக்டர்கிட்ட, அவ வீட்டுக்காரங்ககிட்ட, கம்பெனில நீங்க வந்து சொல்லணும். நாளைக்கு வேலைக்குப் போக முடியாது. வேற ஆளு போட்டாலும் போடுவாங்க."

"எங்க வரணும்?" என்று கேட்டாள் தனக்கோடி.

மாரிக்குப்பத்தில் தினமும் விடியுமுன் ஓடிவந்து பிடிக்கிற சன்னல் சீட்டு அது. சாயங்காலத்திலும் அதை யாருக்கும் விட்டதில்லை. டம்ளரைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். எதிர் பெஞ்சுக்காரி வழிவிட எழுந்தவள், அவள் தோளைத் தொட்டாள். தனக்கோடி பழக்கத்தில் விலகிக்கொண்டாள்.

பிளாட்பாரத்தின் கோடியில் உதயா அதே பெஞ்சில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய பை. ராகேஷ் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தான். தனக்கோடி கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டாள். அங்கிருந்தே எல்லாவற்றையும் சொன்னாள். பின்னால் வண்டி ஊதிக்கொண்டு கிளம்பியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ராகேஷ் க்ளெனிடமிருந்து அளவியை வாங்கித் தனக்கோடியின் பக்கத்தில் நீட்டிப் பார்த்தான். பிறகு பைக்குப் பக்கத்தில் வைத்தான். அதையும் நம்பாமல் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தான். க்ளெனுக்கு அதைப் பார்த்ததும் ஒரு ஜோக் வந்தது. நல்ல ஜோக்தான். ஆனாலும் சொல்லவில்லை.

"அப்போ கொழந்தைக்கு..." என்றான் ராகேஷ்.

"படவே இல்லப்பா" என்றாள் சங்கமித்ரா. "இவங்க வாயால டாக்டரும் கேக்கட்டும்."

உதயா தனக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க என்ன உக்கார விடலன்னு நான் கதவுகிட்ட நின்னு அழுதேன்" என்றாள். குரல் இன்னும் அந்தப் பழைய குரல்தான், ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"தெரியும்" என்றாள் தனக்கோடி. "பாத்துக்கினுதான் உக்காந்திருந்தேன்."

உதயாவின் உதடு ஒருமுறை கோணியது. அவ்வளவுதான், அழவில்லை. ஆனால் சங்கமித்ராவுக்கு நெஞ்சில் எங்கோ வலித்தது. தம்பி போனதிலிருந்து முதல்முறையாக வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரி..." என்று இழுத்தான் ராகேஷ்.

"போலாம்" என்றாள் உதயா. "ஸ்கேன் பாத்துட்டு வந்துடலாம். வேற எதுக்கும் நான் வர மாட்டேன். உங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்."

ராகேஷ் தலையாட்டினான். பாட்டிலைத் திறந்து அவளிடம் கொடுத்தான். அவள் மடமடவென்று குடித்தாள்.

பிறகு பெஞ்சில் ஓரமாக நகர்ந்தாள். "ஏன் நிக்கறீங்க? உக்காருங்கக்கா."

தனக்கோடி க்ளெனைப் பார்த்தாள். அவன் அளவியைத் தூக்கிக் காட்டினான். "சத்தமே இல்லம்மா. உக்காருங்க."

தனக்கோடி பெஞ்சின் மறு ஓரத்தில், விளிம்பில், விழுந்துவிடுகிற மாதிரி உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் உதயாவின் பை இருந்தது.

உதயா அதை எடுத்துக் கீழே வைத்தாள்.